நாற்பத்தொரு அண்ணே

என் பேத்தி தன் டேப்லெட்டைத் தானாகவே என் கையில் கொடுத்து, "தாத்தா, இதை ஒன்னு விடாம விளையாடிப் பாருங்க" என்று சொன்னபோதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இருபது வயதுப் பெண் தன் கருவியைக் கடவுச்சொல்லோடு ஒரு கிழவனிடம் கொடுக்கிறாள் என்றால், அதில் ஒளிக்க ஒன்றும் இல்லை என்று அர்த்தம். அல்லது மிக நன்றாக ஒளித்திருக்கிறாள் என்று அர்த்தம். எனக்கு இரண்டாவதுதான் பட்டது.

அவள் என்னோடு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் தங்கிப் படிக்கிறாள். என் வீடு நான்காவது மாடியில் இருக்கிறது. லிஃப்ட் ஓடாத நாட்களில் எழுபத்திரண்டு படி. அவளைப் பெற்றவர்கள், அதாவது என் மகனும் மருமகளும், ஷா ஆலமில் இருக்கிறார்கள். அங்கிருந்து தினமும் கல்லூரிக்கு வந்து போனால் நாளில் மூன்று மணி நேரம் சாலையிலேயே போய்விடும் என்பதால் முதலாம் ஆண்டிலேயே என்னிடம் கொண்டுவந்து விட்டார்கள். கல்லூரியில் ஒரு தமிழ் நாடகக் குழு உண்டு. பாடப் புத்தகத்தைவிட அதில்தான் அவளுக்கு மனம்.

டேப்பில் இருந்தது அந்தக் குழு சேர்ந்து செய்த விளையாட்டு. விஷுவல் நாவல் என்றாள். திரையில் ஓர் ஆளின் படம் வரும். கீழே ஒரு கட்டத்தில் அவர் பேசுவது எழுத்தாக வரும். விரலால் தொட்டால் அடுத்த வரி. சில இடங்களில் மூன்று பதில்கள் தோன்றும். நாம் எதை எடுக்கிறோமோ அதைப் பொறுத்துக் கதை திரும்பும்.

"கதை என்ன?" என்று கேட்டேன்.

"ஒரு பொண்ணு காலேஜ் நாடகக் குழுவுல புதுசா சேருறா தாத்தா. அங்க நாலு பேரு. யாரோட ஜோடி சேருறாங்கிறது நம்ம கையில. சும்மா ஜாலியா இருக்கும் லா."

"நாலு பேரோடயுமா?"

"ஒரு தடவைக்கு ஒருத்தர்தான் தாத்தா. பயப்படாதீங்க."

ஏன் என்னிடம் என்று கேட்டதற்கு, மற்றவர்கள் இரண்டு முடிவைப் பார்த்ததும் விட்டுவிடுகிறார்கள், எந்த வழி அடைபட்டிருக்கிறது என்று யாரும் கடைசிவரை தேடுவதில்லை, நீங்கள்தான் எண்ணுவீர்கள் என்றாள். அதில் உண்மை இருந்தது. ரயில்வே பண்டகசாலையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் குமாஸ்தாவாக இருந்தவன் நான். போல்ட், நட், கொடித்துணி, விளக்குக் கண்ணாடி எல்லாவற்றையும் எண்ணியிருக்கிறேன். அங்கே எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. எந்தச் சாமானையும் மூன்று வெவ்வேறு நாட்களில் மூன்று முறை எண்ண வேண்டும். மூன்றும் ஒத்துப்போனால்தான் கையெழுத்து. ஒத்துப்போகவில்லை என்றால் மறுபடி முதலிலிருந்து. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. என் மகன் சிறு வயதில் பள்ளிக்கூடத்துக்கு ஐந்து புத்தகம் எடுத்துப் போனானா என்பதைக்கூட மூன்று முறை எண்ணி அனுப்பியிருக்கிறேன். அதை அவன் இன்னும் மன்னிக்கவில்லை.

அவனுடைய தொலைபேசி மறுநாள் மாலையே வந்தது. வழக்கமாக ஒன்றரை நிமிடத்தில் முடிப்பவன் அன்று பதினொரு நிமிடம் பேசினான்.

"அப்பா, பக்கத்துல அவ இருக்காளா?"

"குளிக்கிறா."

"யாரோடயோ பழகுறாப்பா. லீவுக்கு இங்க வந்தப்ப அவ பையில ஒரு சின்ன டார்ச் லைட் இருந்துச்சு. கண்ணாடியில நீலக் காகிதம் ஒட்டி, கீழ வெள்ளைப் பெயிண்ட்ல ஆறுன்னு நம்பர். யாரு குடுத்ததுன்னு அவங்கம்மா கேட்டா சிரிக்கிறா. போன்ல பேசுறப்ப பால்கனிக்குப் போயிடுறா. நீங்க கூடவே இருக்கீங்க, கவனிக்கலையா?"

பால்கனிக்குப் போவதை நான் கவனித்திருந்தேன். முந்தின வாரம் ஒன்பது முறை. ஆனால் அதை அவனிடம் சொல்லவில்லை.

"ஞாயித்துக்கிழமை வர்றேன். அதுக்குள்ள யாருன்னு பார்த்து வைங்க. தெரியலைன்னா நாடகம் கீடகம் எல்லாம் முடிஞ்சுது. பெட்டியக் கட்டிக்கிட்டு ஷா ஆலம் வந்துடட்டும். கார்ல நானே கொண்டுபோய் விடுறேன்."

நாடகம் மேடையேற அப்போது நான்கு சனிக்கிழமைகள் இருந்தன. அதே நாளில்தான் அந்த விளையாட்டையும் எல்லோருக்கும் வெளியிடப் போகிறார்கள். ஒன்றரை ஆண்டாகப் படம் வரைந்து, கணினியில் ஏற்றி, எல்லாம் செய்தவள் அவள். ஷா ஆலமுக்குப் போனால் ஒத்திகையும் இல்லை, வெளியீடும் இல்லை. எனக்கும் காலையில் யாரும் "தாத்தா, மாத்திரை" என்று கதவைத் தட்டப்போவதில்லை. அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று நினைத்தேன்.

டேப்பை இந்தப் புதிய கண்ணோடு மறுபடி திறந்தேன். கதை நடப்பது நாடகக் குழுவில். அதைச் செய்தவர்களும் நாடகக் குழு. தெரிந்தவர்களை வைத்துத்தானே செய்திருப்பார்கள்? நான்கு பேரில் ஒருவன்தான் ஆள். எவன் என்பதை அவளே என் கையில் எழுதிக் கொடுத்திருக்கிறாள் என்று முடிவு செய்தேன்.

முதலாமவன் கதாநாயகனாக நடிப்பவன், எப்போதும் ஒரு கண்ணாடியின் முன்னால் நிற்கிறான். இரண்டாமவன் மேடை நிர்வாகி, கழுத்தில் விசில். மூன்றாமவன் கீபோர்டு வாசிப்பவன், எதையாவது தின்றுகொண்டே இருக்கிறான். நான்காமவன் வசனம் எழுதுபவன், மூக்குக்கண்ணாடி. இவர்களைத் தவிர ஒருவன் விளக்குப் போடுகிறான். அவனுக்குப் படமே கிடையாது. கறுப்புத் திரையில் "லைட் ரெடி" என்று மட்டும் எழுத்து வரும். அவனை நான் விட்டுவிட்டேன்.

முதல் ஆறு முறை விளையாடியபோது எனக்கு ஒரே முடிவுதான் வந்தது. நாடகம் முடிந்து எல்லோரும் போய்விடுகிறார்கள். அந்தப் பெண் தனியாக நாற்காலிகளைக் கவிழ்த்து அடுக்கிவிட்டு மேடையைப் பெருக்குகிறாள். விளையாட்டு பழுது என்று குறித்துக்கொண்டேன். பிறகுதான் தெரிந்தது, மூன்று பதில்களில் மூன்றாவது எப்போதும் "ஒன்றும் சொல்லாமல் இரு" என்பதாக இருக்கிறது. நான் ஒவ்வொரு முறையும் அதைத்தான் எடுத்திருக்கிறேன். முன்பின் தெரியாத ஆண்பிள்ளைகளிடம் ஒரு பெண் வேறென்ன சொல்வாள்? ஆனாலும் வேலைக்காக மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு முதல் பதிலையும் இரண்டாம் பதிலையும் எடுத்தேன். வியாழக்கிழமை மதியத்துக்குள் முப்பத்தேழு தேர்வுகள், ஒன்பது முடிவுகள், பதினாறு எழுத்துப் பிழைகள், நான்கு அடைபட்ட வழிகள் கண்டுபிடித்தாயிற்று. ஆள் மட்டும் அகப்படவில்லை. நான்கு பேரிடமும் அந்தப் பெண் ஒரே மாதிரிதான் சிரிக்கிறாள்.

அப்போதுதான் எனக்கு 'அண்ணே' உறைத்தது.

நம் ஊரில் ஒரு பெண் ஓர் ஆணை அண்ணே என்று கூப்பிட்டால் அவன் அண்ணன் பக்கம் போயாயிற்று, காதல் பக்கம் வர முடியாது. கடையில் ரொட்டி சானாய் போடுகிறவர், லோரி ஓட்டுகிறவர், மூத்த மாணவன் எல்லோரும் அண்ணே. எவனை அப்படிக் கூப்பிட வாய் வரவில்லையோ அவனைத்தான் பார்க்க வேண்டும். மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். கதாநாயகனுக்குப் பத்தொன்பது அண்ணே. விசில்காரனுக்குப் பதினான்கு. தின்பவனுக்கு எட்டு. ஆக மொத்தம் நாற்பத்தொன்று. வசனம் எழுதுபவனுக்கு ஒன்றுகூட இல்லை. மூன்று முறை எண்ணினேன், மூன்று நாளில் இல்லை என்றாலும். பூஜ்யம்தான்.

சனிக்கிழமை காலை அவள் கிளம்பிப் போன அரை மணி நேரம் கழித்து நானும் கிளம்பினேன். கல்லூரி மண்டபம் வேறு எதற்கோ போய்விட்டதால் கிள்ளானில் ஒரு டியூஷன் நிலையத்தின் மேல்மாடியில் ஒத்திகை நடக்கிறது என்று சொல்லியிருந்தாள். கே.எல். சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறினால் கிள்ளான் பதினான்காவது நிலையம். எதிரில் உட்கார்ந்திருந்த ஆள் ஷா ஆலம் வரை என்னையே பார்த்துக்கொண்டு வந்தான். என் மகன்தான் அவனையும் அனுப்பியிருப்பானோ என்றுகூட நினைத்தேன். அவன் இறங்கும்போது, "அங்கிள், சட்டைப் பட்டன் மாத்திப் போட்டிருக்கீங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

டியூஷன் நிலையம் கிள்ளான் லிட்டில் இந்தியாவில், ஒரு சேலைக் கடைக்கு மேலே. இருபத்தாறு படி. என்னைக் கண்டதும் பேத்தியின் முகம் நான் பிறரைச் சந்தேகத்தோடு பார்க்கிற முகம் போல ஆயிற்று.

"தாத்தா? எதுக்கு இவ்வளவு தூரம்?"

"பிழைப் பட்டியல்" என்று நோட்டைக் காட்டினேன்.

அவள் அதை வாங்குவதற்குள் மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவன் ஓடி வந்தான். யாரும் சொல்லாமலே ஆள் யார் என்று எனக்குத் தெரிந்தது. படத்தில் இருந்த அதே மூக்கு.

"அங்கிள்தானா ஒம்போது முடிவும் பார்த்தது? அப்ப என் ரூட்டும் விளையாடுனீங்களா?"

"விளையாடினேன். உன்னோடு தனியாகப் பேச வேண்டும்."

தண்ணீர்ப் பீப்பாய் இருந்த மூலைக்கு அவனைக் கூட்டிப் போனேன். சுற்றி வளைக்கவில்லை. "மற்ற மூன்று பேருக்கும் சேர்த்து நாற்பத்தொரு அண்ணே இருக்கிறது. உனக்கு ஏன் ஒன்றுகூட இல்லை?"

அவன் முகம் சிவந்தது. பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"அங்கிள், அதை யாருக்கிட்டயும் சொல்லாதீங்க. வசனம் முழுக்க நான்தான் எழுதுனேன். முதல்ல எனக்கும் இருந்துச்சு, பதினஞ்சு அண்ணே. ஒரு நாள் உட்கார்ந்து எல்லாத்தையும் எடுத்துட்டேன். அண்ணேன்னு கூப்பிட்டுட்டு அப்புறம் எப்படி அங்கிள் என்னை லவ் பண்ணும் அந்தப் புள்ள?"

"எந்தப் புள்ள?"

"கேம்ல இருக்கிற புள்ளதான். நிஜத்துல யாரு இருக்கா."

அவன் ரகசியம் பேசுவதாக நினைத்தது மண்டபம் முழுக்கக் கேட்டிருந்தது. கதாநாயகன் கைதட்டினான். "டேய், அண்ணே எடுத்துட்டா மட்டும் ஆள் வந்துடுமா? உன் ரூட்டை விளையாடுனது உலகத்துலயே அங்கிள் ஒருத்தர்தான்டா." தின்பவன் வாயில் வடையோடு, "அதுவும் கடமைக்காக" என்றான்.

நான் ஒரு வாரமாக எண்ணியது ஒரு பையனின் ஆசையை. என் பேத்தி படம்தான் வரைந்திருக்கிறாள். அந்த வாய்ப்பேச்சில் ஒரு சொல்கூட அவளுடையது இல்லை. பண்டகசாலையில் வேறொரு கிடங்கின் சாமானை எண்ணிக் கையெழுத்துப் போட்டவன் போல நின்றேன்.

டார்ச்சும் கைவிட்டது. கதவருகே ஓர் அட்டைப்பெட்டியில் டார்ச்சுகள் கிடந்தன. எல்லாவற்றிலும் நீலக் காகிதம், எல்லாவற்றிலும் வெள்ளை எண். மேடைக்குப் பின்னால் இருட்டில் நடக்கிறவர்களின் வெளிச்சம் பார்ப்பவர்களுக்குத் தெரியக் கூடாது என்பதற்காகவாம். ஒன்று முதல் எட்டு வரை, எட்டுப் பேருக்கு எட்டு. ஆறாம் எண் அவளுடையது. அவளிடம் அது இருந்ததில் ஒன்றுமே இல்லை.

திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் ஒத்திகை பார்க்காமல் போனால் பேத்திக்குச் சந்தேகம் வரும். பின்வரிசையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். நோட்டில் புதுப் பக்கம் திருப்பினேன். இந்த முறை அவள் வாயிலிருந்து வருவதையே எண்ணினேன்.

மாப்பிள்ளை காணாமல் போன ஒரு கல்யாண மண்டபத்தில் நடக்கிற வேடிக்கை நாடகம். அவளுக்கு அதில் ஒரே ஒரு வசனம். லட்டுத் தட்டோடு வந்து, "எடுத்துக்குங்க, மாப்பிள்ளை வந்தாலும் வராட்டியும் லட்டு கெட்டுப்போயிடும்" என்பாள். மற்ற நேரமெல்லாம் ஓரமாக நின்று வேலை வாங்குவாள். இரண்டு மணி நேரத்தில் கதாநாயகனை "அண்ணே" என்று ஏழு முறை கூப்பிட்டாள். விசில்காரனை "அண்ணே" நான்கு முறை. தின்பவனை "டேய் குண்டா" ஒன்பது முறை. வசனக்காரனை "பாஸ்" ஆறு முறை. ஆக, நான்கு பேருக்கும் ஆளுக்கொரு அழைப்பு இருந்தது.

இடையிடையே அவள் யாரையும் கூப்பிடாமல் பேசினாள்.

"இந்தப் பக்கம் கொஞ்சம் வெளிச்சம் வேணும்."

"அது அதிகம்."

"ம், இப்ப சரி."

கூரையைப் பார்த்துப் பேசினாள். மண்டபத்தின் பின்பக்கம், எனக்கு நான்கடி தள்ளி, ஒரு மேசையில் விளக்குப் பலகையோடு ஓர் இளைஞன் உட்கார்ந்திருந்தான். ஒல்லியான ஆள். அவன் பதில் சொல்லவில்லை. வெளிச்சம் மட்டும் அவள் சொன்னபடி மாறியது. இப்படி இருபத்து மூன்று முறை. ஒரு முறைகூட அண்ணே இல்லை, பாஸ் இல்லை, டேய் இல்லை. பேரும் இல்லை.

என் மனைவி என்னோடு நாற்பத்து நான்கு ஆண்டு வாழ்ந்தாள். ஒரு நாளும் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "சோறு ஆறுது" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். வீட்டில் பத்துப் பேர் இருந்தாலும் அது எனக்கு என்று எனக்குத் தெரியும், பத்துப் பேருக்கும் தெரியும். என் பென்சில் நோட்டின் மேல் நின்றுவிட்டது. அண்ணே இல்லாத ஆளைத் தேடினேன். எதுவுமே இல்லாத ஆளை விட்டுவிட்டேன். விளையாட்டில் முகம் வரையப்படாதவன் இவன்தான்.

ஒத்திகைக்கு நடுவே தேநீருக்கு விட்டார்கள். அவன் எழுந்து எனக்கு ஒரு கப் கொண்டுவந்தான். பெரியவர்களுக்குத் தேநீர் கொண்டுவருகிற இளைஞர்களை நான் எளிதில் நம்புவதில்லை.

"எத்தனை விளக்கு?" என்று கேட்டேன்.

"பன்னெண்டு அங்கிள். ரெண்டு எரியாது. அப்ப பத்துன்னு வைங்க அங்கிள்."

சரியான பதில். எனக்குப் பிடிக்கும் என்று தெரிந்து யாரோ சொல்லிக்கொடுத்த பதிலாகவும் இருக்கலாம்.

"நாடகத்தில் எத்தனை இடத்தில் வெளிச்சம் மாறும்?"

"அறுபத்திரண்டு அங்கிள்."

தேநீருக்குப் பிறகு நாடகத்தை முதலிலிருந்து ஒரே மூச்சில் நடத்தினார்கள். நான் எண்ணினேன். அறுபத்தொன்று. அவன் பக்கம் திரும்பி, "ஒன்று குறைகிறது" என்றேன்.

"குறையலை அங்கிள். நாப்பத்தெட்டாவது மாத்தம் பார்க்கிறவங்களுக்குத் தெரியாது. ஒரு ஆள் மேல இருக்கிற வெளிச்சம் இன்னொரு ஆள் மேல மெல்ல நகரும். தெரிஞ்சா வேலை சரியில்லைன்னு அர்த்தம் அங்கிள்."

"யார் மேல நகரும்?"

அவன் பலகையில் ஒரு வயரைச் சரிசெய்ய ஆரம்பித்தான். சரிசெய்ய அதில் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. நாற்பத்தெட்டாவது மாற்றம் எந்த இடத்தில் வருகிறது என்று என் நோட்டில் பின்னோக்கிப் பார்த்தேன். நாற்பத்தேழுக்கும் அடுத்ததற்கும் நடுவில் லட்டுத் தட்டு மேடைக்கு வருகிறது.

அன்று அவன் என்னை அங்கிள் என்று பதினேழு முறை சொன்னான். அதையும் குறித்துக்கொண்டேன்.

திரும்பும்போது பேத்தியும் நானும் ஒரே ரயிலில் வந்தோம். பாடாங் ஜாவா தாண்டும்வரை அவள் போனைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு நேராகக் கேட்டாள்.

"அப்பா அனுப்புனாரா தாத்தா?"

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"நாளைக்கு அவரு வர்றாரு. கண்டுபிடிச்சு வைக்கலைன்னா நான் பெட்டி கட்டணும். அம்மா சொல்லிட்டாங்க. நீங்க கண்டுபிடிச்சிட்டீங்களா?"

ஷா ஆலம் நிலையம் வந்தது. கதவு திறந்தது, மூடியது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

"பாருங்க" என்றாள், கோபமில்லாமல். "மறுபடியும் மூணாவது பதில். அதனாலதான் தாத்தா உங்களுக்கு எப்பவும் ஒரே முடிவு வருது. அந்தப் பொண்ணு தனியா நாற்காலி அடுக்கிக்கிட்டே இருக்கா."

அதற்குப் பிறகு பத்து நிலையங்கள் வந்தன. அவள் தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கவில்லை என்பது கை அசைவில் தெரிந்தது.

மகனிடம் சொல்லாமல் இருக்கவும் எனக்கு மனம் இல்லை. அவன் தகப்பன். நான் யாருக்கும் பொய்க்கணக்குக் கொடுத்தவனும் அல்ல. ஆனால் அந்த ஒல்லியான ஆளைப் பற்றி எனக்கு உண்மையில் என்ன தெரியும்? வெளிச்சத்தை நகர்த்துகிறான். எரியாத விளக்கை எரியாது என்று சொல்கிறான். ஒரே நாள் பார்த்தது. அதற்காக ஒரு பெண்ணின் பெட்டியைக் கட்ட முடியுமா? கட்டாமல் விட்டு, பின்னால் ஏதாவது ஆனால் யார் பொறுப்பு?

ஞாயிறு மதியம் மகன் மூன்று பொட்டலம் பிரியாணியோடு வந்தான். மருமகளுக்கு வேலை இருந்ததாம். நாங்கள் மூன்று பேர், பொட்டலம் மூன்று. அவளையும் உட்காரவைத்துக்கொண்டே பேசுவதென்று தீர்மானித்துத்தான் வந்திருக்கிறான் என்று புரிந்தது. சாப்பிட்டு முடித்ததும் பேத்தி தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். குழாய் திறந்தது. தண்ணீர்ச் சத்தம் உடனே நின்றது. கேட்கிறாள்.

"என்னப்பா, தெரிஞ்சுதா?"

மூன்று பதில்கள் என் கண் முன்னால் கட்டம் கட்டி நின்றன. இருக்கிறான். இல்லை. ஒன்றும் சொல்லாமல் இரு.

"டார்ச்சுல ஒன்னும் இல்லை" என்றேன். "எட்டுப் பேருக்கும் எட்டு இருக்கு. ஆறு இவளோடது."

"டார்ச்ச விடுங்க. ஆள்?"

"ஒரு ஆள் மேல எனக்குச் சந்தேகம் இருக்கு."

சமையலறையில் ஒரு கரண்டி விழுந்தது.

"யாரு?"

"சொல்ல மாட்டேன்."

"என்னப்பா இது!"

"ஒரு தடவைதான் எண்ணியிருக்கேன். ஒரு எண்ணிக்கைக்கு நான் என்னிக்காவது கையெழுத்து போட்டிருக்கேனா? மூணு நாள், மூணு எண்ணிக்கை, மூணும் ஒத்துப்போகணும். அப்புறம் பேரு, ஊரு, அப்பா அம்மா யாரு, எல்லாம் எழுதித் தர்றேன். நீயே கூப்பிட்டுப் பேசு."

"இது என்ன நட்டா, போல்ட்டா?"

"நட்டுக்கே மூணு தடவைன்னா மனுஷனுக்கு எத்தனை தடவை?"

அவன் இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டான். நாற்பத்தெட்டு வயது. ஐந்து புத்தகத்தை மூன்று முறை எண்ணும்வரை வாசலில் நின்ற அதே முகம். இந்த விஷயத்தில் என்னோடு வாதாடி அவன் ஒரு நாளும் ஜெயித்ததில்லை என்பது அவனுக்கும் தெரியும்.

"அந்த மூணு எண்ணிக்கை எப்ப முடியும்?"

"சனிக்கிழமைதான் ஒத்திகை. இன்னும் ரெண்டு சனிக்கிழமை வேணும். இவளை நீ ஷா ஆலம் கூட்டிட்டுப் போயிட்டா எண்ண ஒன்னும் இருக்காது. ஆளும் கலைஞ்சிடும். அப்புறம் உனக்கு ஒரு நாளும் தெரியாது."

கார் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "ஒவ்வொரு சனிக்கிழமையும் நீங்க கூடப் போகணும். அவ மேல இருந்து கண்ணை எடுக்கக்கூடாது."

"பட்டியல் போட்டுத்தான் உட்காருவேன்."

குழாயில் மறுபடி தண்ணீர் வந்தது. பேத்தி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அப்பாவுக்கு ஒரு கப், எனக்கு ஒரு கப். எனக்கு வழக்கமாகப் போடாத சர்க்கரை அதில் இருந்தது. மருத்துவர் சொன்னதை மறந்தாளா, வேண்டுமென்றே போட்டாளா என்று இன்றுவரை கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை நாங்கள் இருவரும் ஒன்றாகவே ரயில் ஏறினோம். நான் அதே பின்வரிசை நாற்காலிக்குப் போனபோது அதன் மேல் ஒரு சிறு மெத்தை இருந்தது. போன வாரம் இல்லை. விளக்குக்காரன் தன் பலகையில் குனிந்திருந்தான். படி ஏறும்போது என் பையை வாங்கிக்கொண்டவன் அவன்தான். தேநீர் கொண்டுவந்தான், "சீனி போடலை" என்றான். மின்விசிறியை என் பக்கம் திருப்பி, "காத்து போதுமா?" என்று கேட்டான். எரியாத இரண்டு விளக்கில் ஒன்றைச் சரிசெய்துவிட்டதாக, "இப்ப பதினொன்னு" என்று வந்து சொன்னான். எல்லாவற்றையும் என் தலைக்கு மேலே எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னான்.

முழு நாளும் காது கொடுத்திருந்தேன். ஒரு முறைகூட அவன் என்னை அங்கிள் என்று சொல்லவில்லை. தாத்தா என்றும் சொல்லவில்லை. ஒன்றுமே சொல்லிக் கூப்பிடவில்லை.

அன்று மாலை மகன் தொலைபேசியில் கேட்டான். முதல் எண்ணிக்கை பதினேழு, இரண்டாம் எண்ணிக்கை பூஜ்யம், இரண்டும் ஒத்துப்போகவில்லை, ஆகவே வழக்கப்படி மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும் என்று அவனிடம் சொல்லிவிட்டேன். அதற்கு இன்னும் மூன்று சனிக்கிழமை ஆகும். நாடகம் இரண்டாவதில்.